சிவப்பு நூலில் 214

2025 மே 27, செவ்வாய்

காலை 11.17. செய்தி வந்தது அப்போது. நான் பார்த்தது 11.52க்கு.

பம்பலப்பிட்டியில் ஒரு மாடிக்கட்டடத்தில் லிஃப்ட் இடையில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். டெங்கு வார்டில் படுத்திருந்த என் மனைவி டோரின்தான் போகச் சொன்னாள். "போயிட்டு வா, உள்ளுக்க ஆக்கள் நிக்குதுகள்." லிஃப்ட் குழிக்குள் சிக்னல் வராது. மேலே ஏறியதும் போன் நடுங்கத் தொடங்கியது. ஒன்பது மிஸ்ட் கோல். எல்லாம் அவளுடைய அம்மா, யூஜினா மாமி.

அந்த 35 நிமிஷமும், போகிற வழியில் அவளுக்குச் செவ்விளநீர் வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மே 30

கொட்டாஞ்சேனை மாதா கோவிலில் பூசை. பிறகு அடக்கம். மழை.

ஜூன் 6

வேலைக்குப் போனேன். திரும்பும்போது வெள்ளவத்தைச் சந்தியில் செவ்விளநீர்க்காரன் மறித்தான். வீட்டு நோனாவுக்கு இப்போது சுகமா என்று சிங்களத்தில் கேட்டான். "ஓவ்" என்றேன். நல்லதாகப் பார்த்து இரண்டு வெட்டித் தந்தான். இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

ஏன் ஓம் எண்டு சொன்னனான்?

ஜூன் 15, ஞாயிறு

கிளைவ் வந்தான். போர்டிங்கில் எங்கள் வகுப்பு. இப்போது பழைய மாணவர் சங்கச் செயலாளர். அரை மணித்தியாலம் கிரிக்கெட் பற்றிக் கதைத்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைப் போடும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"மச்சான், இப்ப கேக்கிறது பிழைதான். பவுண்டர்ஸ் டேக்கு முந்தி டோரின்ட நம்பரை அனுப்பவேணும்."

எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரியும். சேர்ந்த அன்று ஒரு நம்பர் தருவார்கள். உடுப்பு, துவாய், போர்வை எல்லாவற்றிலும் அந்த நம்பர் சிவப்பு நூலில் தைத்த துணித்துண்டு இருக்கவேண்டும். பள்ளியை விட்டாலும் நம்பர் போகாது, சாகும்வரை எங்களுடையது. செத்தால் வீட்டார் ஒரு துண்டை வெட்டிக் கவரில் போட்டு அனுப்பவேண்டும். அடுத்து வரும் பிள்ளை அதை வாங்கும். அந்தப் பிள்ளை கவரின் பின்பக்கத்து விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதும், உங்கள் நம்பரைக் கவனமாக வைத்திருப்பேன் என்று. டோரின் பதினொரு வயதில் அப்படி எழுதினாள், சிவபாதசுந்தரம் என்ற ரயில்வே கார்டின் வீட்டுக்கு. அவருடையது 214.

என்னுடையது 187.

கிளைவுக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 19

அவளுடைய லப்டொப்பைத் திறந்தேன். பாஸ்வேர்ட் தெரியும். பள்ளியின் நூறு வருஷச் சரித்திரம், 168 பக்கம். அவள் மூன்று வருஷமாக எழுதியது. பதினைந்து பெடியன்களும் நாலு பெண்பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிட்டதற்காக ஊர் முகஞ்சுளித்த கதையில் தொடங்குகிறது. மற்றப் பள்ளிகளை அரசாங்கம் எடுத்தபோது எங்களுடைய ஆசிரியர்கள் எட்டு மாதம் சம்பளமில்லாமல் நின்ற கதை.

பிறகு 83 கலவரம். லொறிகளில் வந்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டார்கள். அதிபர் நீட்டிய ரெஜிஸ்டரில் நம்பர் மட்டும். பெயர்ப் புத்தகம் அதற்கு முன்பே சமையலறை அடுப்புக்குள் போய்விட்டது. மூன்று கிழமை அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டோரின் எழுதியிருக்கிறாள்: "ஆறு வயதுப் பிள்ளைகூட வாய் தவறவில்லை." அன்றிலிருந்து பவுண்டர்ஸ் டேயில் செத்தவர்களின் பெயரும் வாசிப்பதில்லை, நம்பர்தான்.

கடைசியில் ஒரு அட்டவணை. நம்பர், பெயர், எதுவரை. 214க்கு நேரே அவள் தன் பெயரைத் தானே தட்டியிருக்கிறாள். 'எதுவரை' வெறுமையாகக் கிடக்கிறது. கேர்சர் அதில் மினுங்கிக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

ஜூன் 26

31ஆம் நாள். கொட்டாஞ்சேனையில் சாப்பாடு. கிளைவ் மாமிக்கும் கோல் பண்ணியிருக்கிறான்.

"குடுத்துடுங்க மகன்," என்றார் மாமி. "அது அவட இல்ல. அவளுக்கு முந்தி ஒரு ஆள் வச்சிருந்தவர்தானே. எண்ட பிள்ளையைக் குடுத்திட்டன். ஒரு சீலைத் துண்டைக் குடுக்க ஏலாதா?"

சோறு போட்டார். சாப்பிட்டேன்.

ஜூன் 28

வெட்டினேன். அலுமாரியில் இருந்த போர்டிங் போர்வையிலிருந்து. லைட் போடவில்லை. பார்த்தால் வெட்டமாட்டேன் என்று தெரியும். கவரில் போட்டு ஒட்டி, பின்னால் விலாசம் எழுதி, போஸ்ட் ஒபிசில் கொடுத்தேன். 10.40.

ஜூலை 2

ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி

பவுண்டர்ஸ் டே. போகவில்லை. போனில் நேரடியாகப் போட்டார்கள். இந்த வருஷம் ஏழு நம்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. ஆறாவது 187.

கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஏழாவதும் 214 இல்லை.

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். மூலை வெட்டிய போர்வையில் என்னுடைய பழைய மைக்கறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை கட்டியபடியே கிடந்தது, நாற்பத்தாறு நாளாக. அவிழ்த்தேன். மற்றப் போர்வை அதற்குள். சிவப்பு நூலில் 214. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எப்பவும் எண்டதைத்தான் இழுத்துப் போர்ப்பாள், ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்கு மட்டும் தன்டதைச் சுத்திக்கொண்டு போயிருக்கிறாள். லிஃப்ட் கம்பியைப் பத்துத்தரம் அளக்கிறவன் நான். மூண்டு இலக்கத்தைப் பாக்கேல்ல. ஏன்டா பாக்கேல்ல?

பின்னேரம் 4.50க்கு கிளைவ். பள்ளியிலிருந்து பேசினான், பின்னால் பாண்ட் வாத்தியச் சத்தம்.

"என்ன மச்சான் செய்து வச்சிருக்கிறாய்? உன்னை எல்லோ வாசிச்சிட்டாங்கள். குறூப்ல எல்லாரும் உனக்கு அஞ்சலி போடுறாங்கள்."

ஷஸ்னா என்று ஒரு பிள்ளை, ஆறாம் வகுப்பு, 187ஐ வாங்கிவிட்டதாம். வீட்டார் சொன்னால்தான் மாற்றுவார்கள். ஆறு மணிக்கு ரெஜிஸ்டரில் மையால் எழுதிவிடுவார்கள், பிறகு மாற்ற ஏலாது. "பிழையாப் போச்சு எண்டு ஒரு மெசேஜ் போடு, டோரின்டதைத் திங்கக்கிழமை அனுப்பலாம்," என்றான்.

சரி என்றேன்.

5.20. வட்ஸ்அப்பில் என்னுடைய படம், மெழுகுதிரியோடு. நல்லவன் என்று எழுதியிருக்கிறார்கள். அமைதியானவன். டோரினிடமே போய்விட்டான் என்று ஒருத்தி.

5.31. கிளைவ். எடுக்கவில்லை.

5.38. லப்டொப்பைத் திறந்தேன். 187, ஸ்ரீநிவாசன். 'எதுவரை' என்பதில் 2025 என்று தட்டினேன். 214க்கு நேரே ஒன்றும் தட்டவில்லை. புத்தகத்தைக் கிளைவுக்கு அனுப்பினேன்.

5.46. கிளைவ். 5.49. கிளைவ். 5.52. மாமி.

போர்வை மடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரி மணம்தான், அவளுடையது இல்லை.

அந்தப் பிள்ளையின் கடிதம் இந்த விலாசத்துக்குத்தான் வரும்.

5.57. போனை ஓஃப் பண்ணிவிட்டேன்.