வெலிச்கோவின் சைக்கிள் விளக்கு

2017 மே 11, வியாழன்

இன்றோடு ஆறு மாதம். கல்லறைக்குப் போய், வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை கலந்து எல்லோருக்கும் கொடுத்தேன். பிறகு அச்சுக்கடை. கதவுகளில் ஒட்டும் இரங்கல் தாளில் 'கண்ணீருடன் மனைவி ஸ்தாமேனா' என்று போடட்டுமா என்றான் கடைக்காரன். வேண்டாம், இப்படிப் போடு என்றேன்: 'வெலிச்கோ, வயது 58. சைக்கிளில் வந்தவரைக் கலோயான் கார் ஏற்றிக் கொன்று ஆறு மாதம்.'

"பேரெல்லாம் போடாதீங்கக்கா. வழக்கு நடக்குது."

"பொய்யா சொல்றேன்? போடு."

நாற்பது தாள். எங்கள் கதவு, பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடை, கலோயானின் அப்பனுடைய மர அறுவை ஆலை வாசல், நீதிமன்றத்துக்கு எதிர்க் கம்பம்.

மே 12

கம்பத்தில் இருந்ததைக் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன்.

ஜூன் 6

விசாரணை. வெலிச்கோ கடையிலிருந்து விளக்கு எரியத்தான் கிளம்பினார் என்று ரொட்டிக்கடை ராலிட்சா சொன்னாள். அடுத்து நீதிமன்ற நிபுணர் வந்தார். சைக்கிள் விளக்கில் பேட்டரி இல்லை, அதனால் எரிந்திருக்காது என்றார். கலோயானின் வக்கீல் சிரித்தான்: "இருட்டுல விளக்கில்லாம வந்தவர் மேல என் கட்சிக்காரர் என்ன பண்ணுவார்?"

அடப்பாவி! எழுந்து கத்தத் தோன்றியது. நான் கேள்வி கேட்கலாமா கூடாதா? தெரியவில்லை. கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வக்கீல் என் தாளைத் தூக்கிக் காட்டினான். ஊர் முழுக்கத் தீர்ப்பை ஒட்டியாகிவிட்டது, இங்கே நியாயம் கிடைக்காது என்றான்.

ஜூன் 20

எங்கள் ஊர் நீதிபதிகள் மூன்று பேரும் விலகிக்கொண்டார்கள். வழக்கு மலைக்கு அந்தப்பக்கத்து ஊருக்குப் போகிறது. எல்லாம் முதலிலிருந்து.

வெலிச்கோவின் தங்கை நேதா அடுப்படியில் நின்று திட்டினாள். "பேரைப் போட்டு ஒட்டாதேன்னு ஊரே சொல்லுச்சே, கேட்டியா அண்ணி? அவனுக்கு ஒரு வருஷத்தைத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டே."

நானா கெடுத்தேன்? ஆமாம். நான்தான் கெடுத்தேன். அதுக்காக அந்தாளு பேரை மறைச்சு வைக்கணுமா? மாட்டேன்.

ஜூன் 22

அரசு வழக்கறிஞர் அம்மாவைப் பார்த்தேன். சின்னப் பெண். என்னைத் திட்டவில்லை. "செத்தவர் வீட்டாளுங்க என் பக்கத்துல உட்காரலாம், கேள்வி கேக்கலாம். விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடி மனு குடுக்கணும். போன தடவை காகிதம் அனுப்பினோமே, படிக்கலையா?"

படிக்கவில்லை. முத்திரை குத்திய காகிதம் எதையும் அப்போது பிரிக்கவேயில்லை.

"இப்போதான் மறுபடி முதல்லேர்ந்து தொடங்குதே," என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அக்டோபர் 3

மனு ஏற்கப்பட்டது. முன்வரிசை.

2018 ஜனவரி 9

கலோயான் வரவில்லை. முதுகுவலி என்று மருத்துவச் சீட்டு. சனிக்கிழமைத் திருவிழாவில்தான் பாதிரியார் உறைகுளிர் ஆற்றில் எறிந்த சிலுவைக்காகக் குதித்து, நீந்தி, முதலாவதாக எடுத்தான். நேதா கைப்பேசியில் எடுத்த படத்தை நீதிபதி அம்மாவிடம் நீட்டினேன். பார்த்தார். "அடுத்த முறை வரலைன்னா போலீஸ் கூட்டிட்டு வரும்," என்றார் வக்கீலிடம்.

பிப்ரவரி 13

கலோயான் வந்தான். முதுகு நேராகத்தான் இருந்தது.

ராலிட்சா ரொட்டிக்கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்து அதே சாட்சியைச் சொன்னாள். நிபுணரும் அதே பேட்டரிக் கதையைச் சொன்னார். நான் எழுந்தேன்.

"தம்பி, நீங்க சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

"நிபுணரைத் தம்பின்னு கூப்பிடக் கூடாது," என்றார் நீதிபதி.

"சரிங்கம்மா. நிபுணரே, நீங்க எடுத்த சைக்கிள் படத்துல முன்சக்கரத்தை ஒட்டி ஒரு தகடு வளைஞ்சு நிக்குதே, அது என்ன?"

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"டைனமோ மாட்டுற தகடா... இருக்கலாம்."

"டைனமோவுக்கு எதுக்குங்க பேட்டரி? சக்கரம் சுத்தினா எரியும். அடிச்ச அடியில டைனமோ தெறிச்சிருக்கு. நீங்க தேடவே இல்ல."

வக்கீல் துள்ளினான். "இந்தம்மா என்ன இன்ஜினீயரா?"

"நாலாம் வகுப்பு. ஆனா அந்தச் சக்கரத்துக்கு முப்பது வருஷம் காத்தடிச்சிருக்கேன்."

பல்பை மூன்று புது நிபுணர்கள் பார்க்கவேண்டும் என்று உத்தரவு.

ஜூன் 19

தீர்ப்பு. பல்பின் இழை சூடாக இருக்கும்போதே அதிர்ந்து நீண்டிருக்கிறதாம். அப்படியென்றால் மோதிய நேரத்தில் எரிந்தது. நீதிபதி வாசித்தார்: விளக்கு எரிந்தது, இறந்தவர்மேல் தவறில்லை, கலோயான் குற்றவாளி. நின்றுகொண்டே கேட்டேன். தவறில்லை. தவறில்லை.

தண்டனை மூன்று வருடம். நிறுத்திவைக்கப்படுகிறது, நல்லபடியாக நடந்துகொண்டால் சிறைக்குப் போக வேண்டாம். அவன் அப்பன் அங்கேயே அவனை முத்தமிட்டான்.

நேதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அண்ணன் பேரு சுத்தமாச்சு. ஜெயிச்சுட்டோம் அண்ணி."

"பாதி," என்றேன்.

ஜூலை 2

மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள்தான். முதல் பேருந்தில் போனேன். அரசு வழக்கறிஞர் அம்மா தங்கள் அலுவலகம் செய்யாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் எப்படி எழுதவேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்திருந்தாள். நானே எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.

நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்கு முன் வரிசையில் எனக்குப் பின்னால் கலோயானின் வக்கீல் வந்து நின்றான்.

"உங்களுக்குத்தான் தீர்ப்பு கிடைச்சிருச்சேம்மா. இன்னும் என்ன?"

"உனக்கும்தான் கிடைச்சுது. நீ எதுக்கு வந்தே?"

நேரமாகிறது, தன் மேல்முறையீட்டுக் காகிதத்தை முதலில் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டான். நான் நகரவில்லை.

எழுத்தர் என் காகிதத்தில் முத்திரை குத்தினாள். எண் 211. அவனுடையது 212.