டெர்னின் எடை

மார்ச் 4, வெள்ளி

அப்பாவின் நண்பர் ஸ்ட்ராட்டன் இன்றும் வந்திருந்தார். இரண்டு வாரத்தில் மூன்றாவது தடவை. அப்பாவின் கொட்டகையில் நிற்கும் டெர்னைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடாமல். தொடாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

1960இல் செய்த பந்தயக் கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். வெளியே ஃபைபர் உடம்பு, உள்ளே மெல்லிய இரும்புக் குழாய்களால் பின்னிய கூடு. நான் பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பு ஆயிரத்து நானூறு பவுண்டுக்கு அப்பா வாங்கினார். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஸ்ட்ராட்டன் இன்று சொன்ன விலை எழுபத்திரண்டாயிரம். ஏற்கெனவே ஏழு கார்களைச் சூடுபடுத்திய கிடங்கில் வைத்திருக்கிறார். ஒன்றையாவது அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. இனி ஓட்டப்போவதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். விற்ற பணத்தில் பாதியை முன்பணமாகப் போட்டு, நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை எனக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் விலைபோகிற பொருள் என்று இருப்பது அந்தக் கார் ஒன்றுதான். அதில் ஏமாந்தால் இரண்டு பேரும் ஏமாந்தோம்.

மார்ச் 9

ஸ்ட்ராட்டனுக்குக் காரை ஒரு வாரம் தன் பட்டறையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

"கார்புரேட்டர் கொஞ்சம் இருமுது டெஸ்."

"இருமுறது நான்தான்யா. அது நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே சாவியையும் கொடுத்துவிட்டார்.

பிறர் எழுதிய புத்தகங்களில் பிழை தேடுவது என் பிழைப்பு. ஒரு பக்கத்தில் ஒரு தவறு அகப்பட்டால் அடுத்த பக்கத்தை நம்பமாட்டேன். இந்தக் கார்க்காரர்களின் வழக்குகளைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே எண்ணைப் பொறித்துக்கொண்டு இரண்டு கார்கள். அசல் குழாயை அறுத்தெடுத்துவிட்டுப் போலியைப் பொருத்தியவர்கள். விலை ஏறியபின் ஒவ்வொரு திருகும் களவு போகத் தகுந்ததாகிவிட்டது.

மார்ச் 10

ஏழு நாள். ஏழு நாளில் எதைத்தான் கழற்ற முடியாது?

மார்ச் 17

கார் திரும்பியது. கூடவே ஒரு பாட்டில் மார்மலேட், அவர் மனைவி செய்த ஆரஞ்சுத் தோல் ஜாமாம். எதற்கு?

கதவுத் திருகுகளின் தலை புதிதாகப் பளபளக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். "தொடச்சிருப்பான்மா" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். கண் தெரியாததால் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 21

அப்பாவுக்கு நாரிச் மருத்துவமனையில் கண் அறுவை சிகிச்சை. மாலைதான் விடுவார்கள். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருக்கவில்லை. திரும்பி வந்து டெர்னை எடுத்துக்கொண்டு தானியக் கிடங்கின் எடைமேடைக்குப் போனேன். கோதுமை லாரிகளை நிறுக்கும் மேடை. அங்கே இருந்தவர், "இதுல என்னம்மா ஏத்திக்கிட்டு வந்த, முட்டைக்கோசா?" என்றார்.

இறங்கி நின்று பார்த்தேன். 540 கிலோ.

தொழிற்சாலை கொடுத்த எடைச்சீட்டு அப்பாவின் கோப்பில் இருக்கிறது: 498. பெட்ரோலைக் கழித்தாலும் முப்பத்தைந்து கிலோ மிஞ்சுகிறது. லேசாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்த கார். அசல் கூட்டை எடுத்துக்கொண்டு கனமான ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர்.

 கோபமா, பிடித்துவிட்ட சந்தோஷமா? இரண்டும்தான்.

மார்ச் 22

டெர்ன் சங்கத்தின் பதிவாளர் மிஸஸ் கௌல்டுக்கு எழுதிவிட்டேன். உலகில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு டெர்னுக்கும் அவருடைய பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. கூடு மாற்றப்பட்டிருந்தால் 'மறுகட்டு' என்று எழுதுவார். அந்தச் சொல் விழுந்த காரின் விலை மூன்றில் ஒன்றாகிவிடும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நண்பனுக்காகப் பரிந்து பேசுவார்.

ஏப்ரல் 2, சனி

மிஸஸ் கௌல்டு வந்தார். எழுபது வயது இருக்கும். பாயை விரித்து நேரே காருக்கு அடியில் போய்விட்டார். அப்பா கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வாசலில் நின்றார். நான் ஸ்ட்ராட்டனைப் பற்றி எல்லாவற்றையும் அப்போதுதான் அப்பாவிடம் கொட்டினேன். அவர் கண் மூடியைச் சரிசெய்துகொண்டார்.

அடியில் இருந்து ஒரு நாணயத்தால் தட்டும் சத்தம். அசல் குழாய் தேநீர்க் கோப்பையில் கரண்டி பட்டதுபோல் ஒலிக்குமாம். இது கதவைத் தட்டியதுபோல் ஒலித்தது. மிஸஸ் கௌல்டு வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"கூடு அசல் இல்ல. ஆனா போன மாசம் மாத்துனதும் இல்லம்மா. இருபது இருபத்தஞ்சு வருஷத்துத் துரு இருக்கு உள்ள." பிறகு அப்பாவைப் பார்த்தார். "டெஸ்மண்ட்?"

அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தொண்ணூற்றாறில் மலையேற்றப் பந்தயத்தில் மண்மேட்டில் மோதியதைச் சொன்னார். கூடு முறுக்கிக்கொண்டது, அந்த மெல்லிய குழாய் எங்கும் கிடைக்கவில்லை, பண்ணைகளுக்கு கேட் செய்பவனிடம் குழாய் வாங்கி, இந்தக் கொட்டகையிலேயே பற்றவைத்தார். பழைய எண் தகட்டை எடுத்து இதில் பதித்தார்.

"எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே" என்றார் மிஸஸ் கௌல்டு.

"அன்னைக்கு இது பழைய இரும்பு, வினிஃபிரெட். யாரு கேட்டா? அப்ப அது பொய்யே இல்ல. விலை ஏற ஏறத்தான் பொய்யாச்சு."

மிஸஸ் கௌல்டு பையைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். எழுதாமல் இருக்க முடியுமா என்று நான்தான் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"நீ எழுதிக் கூப்பிட்டதாலதான் வந்தேன்" என்றார். கடுமையே இல்லாத குரல். பிறகு 'மறுகட்டு' என்று எழுதினார்.

ஏப்ரல் 3

ஸ்ட்ராட்டனிடம் கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை எடை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் திருடனாக்கினேன். அச்சுப்பிரதியில் இப்படிச் செய்வேனா?

இன்னொன்று, இதை எழுதவே பிடிக்கவில்லை. அப்பா ஸ்ட்ராட்டனிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் எண்ணமும் இருந்ததில்லை. எனக்கு வீடு வாங்குவதற்காக.

ஏப்ரல் 20

ஸ்ட்ராட்டனே தொலைபேசியில் கூப்பிட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"ஹெட்டி, நீ என்னைத் திருடன்னு நெனச்சியாமே. நெனச்சுக்கோ, பரவால்ல. என் பணத்தக் காப்பாத்திக் குடுத்த. என் வீட்டுக்காரி இன்னொரு பாட்டில் மார்மலேட் அனுப்பச் சொல்றா."

பாட்டில் வந்தது. திறக்கவில்லை.

ஜூன் 11, சனி

கார் போய்விட்டது. வாங்கியவள் ப்ரையனி, விலங்கு மருத்துவமனையில் செவிலி. இருபத்தோராயிரம். அசல் கூடாக இருந்தால் ஓட்டவே பயந்திருப்பேன், இது பிழைச்சுக்கும் என்றாளாம்.

நான் சமையலறையில் இருந்தேன். வெளியே அப்பா அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்: எந்த வெல்டு கோணலாகப் போனது, எதைச் சரி செய்ய மனமில்லாமல் அப்படியே விட்டார், மோதியபின் எங்கே இறங்கி வாந்தி எடுத்தார். இதில் ஒன்றையும் நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தட்டில் மூன்று கோப்பைகளோடு வெளியே போனேன். அப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

"வெயில் நல்லா அடிக்குது இல்ல?" என்றார் என்னிடம்.

அடித்தது. ஆமாம் என்றேன். தட்டை பெஞ்சின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து, ஜன்னலைச் சாத்தினேன்.