மூன்று மணி வெயில்

ஜனவரி 12, திங்கள்

உறைபனி. துவைக்கிற கல் மேல் உப்புக் கொட்டினாற்போல் வெள்ளை. டேங்க் குழாய் ஏழரை வரை சொட்டவில்லை.

செய்ய வேண்டியவை: ஜாக்குக்கு கிரீஸ். பேட்டரிக்குத் தண்ணீர். சோலார் பலகையைத் துடைப்பது. கீழ் வீட்டுக்கு ரசம்.

ரசம் மட்டும் முடிந்தது. மற்றவற்றைத் தொட்டு முப்பது நாள்.

பலகை அன்று நின்றபடியே நிற்கிறது. ஏறக்குறைய நெட்டுக்குத்தாக, தென்மேற்கைப் பார்த்து. சூரியன் போகிற பக்கமெல்லாம் தானாகத் திரும்ப வேண்டும் என்றுதான் ஒரு வருடம் பாடுபட்டேன். தள்ளி இழுக்க, யாரோ வேண்டாமென்று போட்ட பெரிய டிஷ் ஆன்டெனாவின் ஜாக். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்க்க நான்கு சென்சார். மூளைக்கு ஒரு சின்ன போர்டு. அருவங்காட்டுக்கு மேலே இந்தச் சரிவில் வெயில் விருந்தாளி மாதிரி. வந்த நேரத்தில் முகம் கொடுக்காவிட்டால் போய்விடும்.

கீழ் வீட்டில் சேவியரண்ணா படுக்கையில். தச்சு வேலைக்காரர். வலது தொடை எலும்பில் பிளேட், கோயம்புத்தூரில் வைத்தது. இந்தப் பலகைக்கு உதவ வந்து ஏணியிலிருந்து விழுந்தார். தரைப் பாசி காலில் ஒட்டி, ஏணிப்படியில் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

வெயில் பத்து மணிக்கு. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். ஏணி ஏறவில்லை, ஸ்டூல் போட்டுக்கொண்டேன்.

ஜாக் துருப்பிடிக்கவில்லை. மேற்குப் பக்கத்து சென்சாரில் சிலந்தி வலை. பழைய டூத் பிரஷால் எடுத்தேன். சிலந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக வந்தது.

சென்சார் பெட்டி சேவியரண்ணா செய்தது. தேக்குத் துண்டில், நான்கு அறை. வரைபடம் கொடுத்தபோது நடுத் தடுப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ளயே சிலுவை வெச்சுட்டீங்க. வெயிலு வராமப் போயிருமா?"

பெட்டி ஒரு இழைகூட விலகவில்லை. ஒரு மாதம் பனியில் கிடந்தும்.

ஜனவரி 14, புதன்

ஓடுகிறது. 10:40க்குக் கிழக்கே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூரியனோடு. ஒன்றரைக்கு மேகம் இறங்கியது. வெளிச்சம் எங்கே என்று தெரியாமல் பலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

மல்டிமீட்டரை மேஜை டிராயரில் போட்டு மூடியாயிற்று. ரீடிங் வேண்டாம். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு, அது போதும்.

ஜனவரி 16, வெள்ளி

மேரக்காய்க் கூட்டு கொண்டுபோனேன். சேவியரண்ணாவின் மனைவி லூர்தக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏனுங்க டீச்சர், மூணு மணிக்கு எங்க ஊட்டுச் செவுத்துல ஒரு வெளிச்சம் வருமுங்க. ரெண்டு நாளாக் காணோம்."

"எந்தச் செவுருங்கக்கா?"

"அவரு கட்டிலுக்கு எதுத்தாப்ல. எங்க ரூம்பு உங்க ஊட்டைப் பாத்தாப்ல இருக்கறதுனால வெயிலே எட்டிப் பாக்காதுங்களே. அதுதான் ஒண்ணு வந்துட்டு இருந்துது. அதுக்காகக் கட்டிலையே திருப்பிப் போட்டேன். அவரு அதைப் பாத்துத்தான் காப்பி கேப்பாரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் பலகை. கெட்டுப்போய் நெட்டுக்குத்தாக நின்றதால் மூன்று மணி வெயிலை வாங்கிக் கீழே அவர்கள் ஜன்னலுக்குள் எறிந்துகொண்டிருந்திருக்கிறது. சரியாகச் சூரியனைப் பார்க்கிற பலகை அப்படிச் செய்யாது. வாங்கியதைச் சூரியனுக்கே திருப்பிவிடும். நான் பழுது பார்த்தேன். அவர் வெளிச்சம் போயிற்று.

"தை பொறந்துருச்சுல்ல, வெயிலு தெச மாறியிருக்கும்" என்று லூர்தக்காவே காரணமும் சொல்லிக்கொண்டார். நான் தலையாட்டினேன். இப்போதெல்லாம் எனக்கு அது நன்றாக வருகிறது.

ஜனவரி 17, சனி

போர்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பெல் சுவிட்ச் வைத்தேன். அமுக்கினால் பலகை பழையபடி நெட்டுக்குத்தாக நிற்கும். கையை எடுத்தால் சூரியன் பக்கம் போய்விடும். எனவே அமுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். நிலையாக நிற்கிற சுவிட்ச் குன்னூரில் கிடைக்கும். வாங்கப் போகவில்லை.

3:00 முதல் 3:15. கட்டைவிரல் மரத்துவிட்டது. கீழே இருந்து சேவியரண்ணா குரல்: "லூர்து, வந்துருச்சு. காப்பி வெய்யி."

ஜனவரி 18, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் சொன்னேன். இங்கே எழுதியிராததை அங்கே சொல்லிவிட்டேன். எனவே இங்கேயும்.

டிசம்பர் 13. சேவியரண்ணா ஏணி மேல், பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியவள் நான். "புடிச்சுக்குங்க டீச்சர், அடியில சிமெண்டுத் தரை" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். ஒயர் மாட்டியிருந்தது. மேகம் விலகியது. பலகை தானாக அசைந்தது, முதல் தடவையாக. சுவரோரம் வைத்திருந்த மல்டிமீட்டரில் எண் ஏறியது. நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டு எண்ணைப் பார்க்கப் போனேன். மூன்று புள்ளி எட்டு ஆம்ப். எண்ணைப் பார்த்தேன். அப்போதுதான் பின்னால் சத்தம்.

ஓடிவந்து ஏணியைப் பிடித்தேன். அவரை அல்ல. ஏணியை. லூர்தக்கா படியேறி வந்தபோது என் இரண்டு கையும் ஏணியில் இருந்தன.

"காலுல பாசிங்கக்கா, வழுக்கிருச்சு" என்று முதலில் சொன்னதும் நான். அன்று காலையில்தான் பிளீச்சிங் பவுடர் போட்டு அந்தத் தரையை நானே தேய்த்திருந்தேன். பாசி நூலளவும் கிடையாது.

சாமியார் கேட்டது: அவரிடம் சொன்னாயா? இல்லை என்றேன். சொல்லு என்றார். பரிகாரம், மூன்று "அருள் நிறைந்த மரியே". மலிவு.

திரும்பும்போது பேக்கரியில் வர்க்கி வாங்கினேன். கீழ் வீட்டில் பாதி.

ஜனவரி 20, செவ்வாய்

மேகம் காலையிலிருந்தே. மூன்று மணிக்கு வெயில் இல்லை. ஆனாலும் போய் அமுக்கிக்கொண்டு நின்றேன். பைத்தியம்.

ஜனவரி 21, புதன்

வெயில். பாத்திரம் வாங்கக் கீழே போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்த சாமான் பெட்டி நடு அறையில். உளிகள், இழைப்புளி, மட்டப்பலகை எல்லாம் எண்ணெய் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி. சனிக்கிழமை தேவாலாவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்து எடுத்துக்கொண்டு போகிறானாம்.

"எதுக்குங்கண்ணா?"

"இனி நான் என்னங்க பண்றது? டீச்சர் கெட்டியாப் புடிச்சிருந்தும் வழுக்கிப் போச்சு. அப்பறம் எங்காலை நானே நம்ப முடியுங்களா? நாளைக்கி ஒருத்தர் ஊட்டுக் கூரை மோட்டுல நிக்கறப்ப வழுக்கினா?"

"காலு சரியாயிரும்னு டாக்டரு சொன்னாருங்களே."

"எலும்பு சரியாயிரும். இதுக்கு முன்ன ஒருநாளும் வழுக்குனதில்லீங்க. அதுதான் வயசு."

சாதாரணமாகச் சொன்னார். காப்பி ஆற்றிக்கொண்டே. என்னால் உட்கார முடியவில்லை.

இத்தனை நாள் எலும்பை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். எலும்பு கூடிவிடும் என்று தேற்றிக்கொண்டேன். என் பொய் அவருடைய காலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. அவருக்கு வயதாகவில்லை. நான்தான் வயதாக்கிவிட்டேன்.

சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

சொல்லவில்லை. போனேன், லூர்தக்காவின் தங்கை வந்திருந்தார். சாக்கு. தங்கை இல்லாவிட்டால் மழை.

பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூ. வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். 3:00 முதல் 3:15.

ஒன்று யோசித்தேன். சொன்னால் என்ன நடக்கும்? போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. இந்தச் சரிவில் எனக்கு இருப்பது அந்த ஒரு வீடு. தனியாள் வீட்டுக்கு ராத்திரி ஒரு சத்தம் கேட்டாலும் "டீச்சர், என்னங்க?" என்று கேட்கிற வீடு. அதுதான் போகும். அதற்காகத்தான் இத்தனையும். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை பதினொன்று. லூர்தக்கா கதவோரம். நான் நாற்காலியில் உட்காரவில்லை. ஒப்பிப்பது போலச் சொன்னேன்: ஏணியை விட்டேன், மீட்டரைப் பார்க்கப் போனேன், பாசி இல்லை, தரையை நான் தேய்த்திருந்தேன்.

சேவியரண்ணா போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்தார்.

"அப்ப எங்கால் வழுக்கலீங்களா?"

"இல்லீங்கண்ணா. ஏணி சரிஞ்சிருச்சு. புடிக்க ஆள் இல்ல."

"வழுக்கல."

"இல்லீங்க."

"லூர்து, கேட்டியா? நான் வழுக்கலியாமா."

முகம் எப்படி ஆனது என்று எழுதத் தெரியவில்லை. சந்தோஷம்தான். ஒரு நிமிடம் நானும் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார். சந்தோஷம் அப்படியே வடிந்தது.

"நாப்பது நாளாச்சுங்களே. தெனமும் ரசங் கொண்டாந்து குடுத்தீங்க. நானும் போறவன் வாறவன்கிட்ட எல்லாம், டீச்சர் கையை எடுக்கவே இல்லைன்னு சொல்லிட்டுக் கெடந்தேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக எது வந்தது என்றால், "நான் டீச்சரும் இல்லீங்கண்ணா. லேப் அசிஸ்டெண்ட்." இருபது வருடமாக இருவரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். ஒருநாளும் திருத்தியதில்லை.

"அதையும் இன்னிக்கித்தான் சொல்லோணும்னு இருந்துதா?" என்றார். கத்தவில்லை. "போயிட்டு வாங்க. உங்களைத் திட்டறதுன்னாலும் எந்திரிச்சு நின்னுதான் திட்டோணும். படுத்துட்டுத் திட்டுனா நல்லா இருக்காது."

லூர்தக்கா சமையலறைக்குப் போய், நான் கொடுத்துவிட்டிருந்த போசிப் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வந்தார். நான்கு. கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்று போட்டு. கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பதினொரு படி. போசி நான்கும் நடக்க நடக்கச் சத்தம் போட்டன.

மூன்று மணிக்கு மேகம். போகவில்லை.

ஜனவரி 24, சனி

உறைபனி, பிறகு நல்ல வெயில். பலகை 9:50க்கே கிழக்கே திரும்பியது. துடைத்தேன். இன்று ரசம் வைக்கவில்லை. வைத்துப் பழகிய கை, புளியை ஊறப்போட்டுவிட்டது. கொட்டினேன்.

பன்னிரண்டரைக்கு தேவாலா அண்ணன் மகன் படியிறங்கிப் போனான். வந்தபோது கொண்டுவந்த காலிச் சாக்கு, மடித்து அக்குளில். வேறு எதுவும் இல்லை. பெட்டி இல்லை. அவன் பஸ் ஸ்டாப் திரும்பும் வரை பார்த்தேன்.

3:00. சுவிட்ச். வெளிச்சம் கீழே போய் விழுந்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. இரண்டு கதவும். மரக் கதவு, அவரே செய்தது, இடுக்குக்கூட இல்லை. வெளிச்சம் அதன் மேல் சதுரமாகக் கிடந்தது.

கண் கூசுகிறதோ. இல்லை, என் வீட்டைப் பார்க்கவே வேண்டாம் என்றுதான் அர்த்தம். கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

3:06. உள்ளே இருந்து சத்தம். சர், சர் என்று. நின்று, மறுபடியும். முதலில் என்னவென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கல்லில் உளி தீட்டுகிறார்.

3:15 வரை கையை எடுக்கவில்லை.