என் கையில் துடித்த விளக்குகள்

அம்மாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், பாங்காக்கில் மழைதான் விடவில்லை.

ஞாயிறன்று தையல் ஆலைத் தோழி சம்லியோடு ஒரு கலைக்கூடம் போனேன். அங்கே எதையும் தொட்டுப் பார்க்கலாம். ஓர் அறையில் கம்பியைப் பிடித்தால், நம் இதயத் துடிப்புக்கு ஏற்பக் கூரை முழுக்க விளக்குகள் மின்னும். சம்லிக்குச் சீராக மின்னின. எனக்கு விட்டுவிட்டு மின்னின.

"யாரைடீ நெனச்சுக்கிட்டுப் பிடிச்ச?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நகர்ந்ததும் மூன்று முறை பிடித்துப் பார்த்தேன். அப்படியேதான்.

கருவி பழுதாக இருக்கும். கவலைப்படாதீர்கள்.

மிளகாய் அனுப்பும்போது அப்பாவின் பழைய மருந்துச் சீட்டையும் உள்ளே வையுங்கள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது வயது முப்பத்தாறா, முப்பத்தேழா? ஆலை வண்டி வந்துவிட்டது.

பூன்லோம்