சட்டைகள் உன்னிடம், பொம்மைகள் என்னிடம்

கிள்ளான்
3 மார்ச் 2024

அன்புள்ள கேத்தரின்,

நீ பிரிக்பீல்ட்ஸுக்கு வீடு மாறியதிலிருந்து, அப்பாவின் லோரியில் வரும் பழைய பேப்பர் மூட்டையை நான் ஒருத்திதான் கிளறுகிறேன். நேற்று இன்னொரு காகிதப் பொம்மை கிடைத்தது. அம்மா பள்ளிக்குப் போன காலத்தில் மளிகைக் கடையில் தாளாக விற்ற, வீட்டில் வெட்டி விளையாடிய வகை. சுருள் முடி, ஒரு காலில் மட்டும் செருப்பு. நாம் சேர்த்த காகிதச் சட்டைகள் எல்லாம் உன்னிடம் இருக்கின்றன. பாவம், உள்பாவாடையோடு நிற்கிறாள். எப்போது வருவாய்? போனில் பேசினால் எனக்குத் திக்கும், தெரியும்தானே.

உன் மாதவி

பிரிக்பீல்ட்ஸ்
17 மார்ச்

செல்ல மாதவி,

எங்கள் தேவாலய மண்டபத்தில் ஏப்ரல் 20 அன்று நம் பொம்மைகளைக் கண்காட்சியாக வைக்கப்போகிறேன்! ஃபாதரே "சூப்பர் லா" என்று சொல்லிவிட்டார். சட்டைகளை மட்டும் அடுக்கினால் துணிக்கொடி மாதிரி இருக்கிறது. பொம்மைகளை உடனே அனுப்பு. நீயும் வா. நம் இருவர் பெயரும் போடுவேன்.

உன் கேத்தி

கிள்ளான்
2 ஏப்ரல்

அன்புள்ள கேத்தி,

பொம்மைகளை அனுப்பிவிட்டேன். சுருள்முடிக்காரியை மட்டும் நானே கொண்டுவருகிறேன்.

தையல் கடையில் ஒரே பொத்தானை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். கடை அக்கா, "என்னடி, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிற? மாப்பிள்ளை பாக்க வராங்களா?" என்று கேலி செய்கிறார். பள்ளியை விட்ட பிறகு என் பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை கேத்தி. அதுதான்.

யாராவது கேள்வி கேட்டால் நீ பதில் சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன். நம் பெயரைத் தமிழிலும் எழுதுவாய்தானே?

உன் மாதவி

கிள்ளான்
21 ஏப்ரல்

கேத்தரின்,

நேற்று வந்திருந்தேன். வாசலில் உன்னைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உன்னைக் கூப்பிடவில்லை.

அழகாக வைத்திருந்தாய். ஒவ்வொரு பொம்மைக்கும் சரியான சட்டை. கீழே இருந்த அட்டையையும் படித்தேன். "கேத்தரினின் சேகரிப்பு. உதவி: ஒரு தோழி."

பக்கத்தில் நின்ற ஆன்டி, "யாரும்மா அந்தத் தோழி? ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது ஆன்டி" என்றேன். நேற்று அது ஒன்றுதான் எனக்குத் திக்காமல் வந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா லோரியில் அந்தப் பக்கம் வருவார். பொம்மைகளைக் கொடுத்துவிடு. சட்டைகளை நீயே வைத்துக்கொள்.

கொமுட்டர் ரயிலில் சுருள்முடிக்காரி என் பையிலேயே திரும்பி வந்தாள். இன்று அவளுக்கு நானே ஒரு சட்டை வரைந்து வெட்டினேன். கை கொஞ்சம் கோணல். பின்பக்கம் என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

மாதவி தம்புசாமி