பால்சுறாவும் பனிநாடும்

12.02.2016, வெள்ளி

மகள் சுதாவுக்கு இது எட்டாம் மாதம். இன்று இருவரும் தொலைக்காட்சியில் வடதுருவத்துக் கர்ப்பிணிகளைப் பார்த்தோம். அவர்களுடைய சாப்பாடே சீலும் திமிங்கிலமும்தான். இப்போது அதில் பாதரசமாம், குறைக்கச் சொல்கிறார்களாம்.

"அம்மா, சுறாவிலையும் இருக்காம். பால் குடுக்கேக்கையும் தின்ன வேண்டாமெண்டு கிளினிக்கிலை சாஜ்ஃபாம் சொன்னவா." இங்கே மருத்துவிச்சியை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"பால் சுரக்கத்தானேடி சுறா! உன்னைப் பெத்திட்டு நான் தின்னேல்லையோ?"

"அதுதான் நான் இப்பிடி இருக்கிறன்."

சிரித்துவிட்டேன். ஆனால் பேறுகாலத்துக்கென்று வாங்கிய பால்சுறா குளிர்பெட்டியில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமையில் மீனை நினைக்கிறேன், முருகா.

சரி, சுறா வேண்டாம். முருங்கையிலையும் உள்ளிப் பூண்டும் கொடுக்கலாம்.

அந்தப் பனிநாட்டிலும் ஒரு தாய் மகளுக்கென்று இறைச்சி எடுத்து வைத்திருப்பாள். அவள் இனி என்ன கொடுப்பாள்? அங்கே முருங்கை ஏது?