சாவி இல்லாத கையுறை

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, அளவு கொடுக்க வந்தவர்கள் வரைக்கும் கேட்க வைப்பார். அதனால் கடிதம்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய கையுறை வந்து சேர்ந்தது. ஆனால் அதை நான் இன்னும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா என்னிடமிருந்து வாங்கித் தன் தையல் கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். வருகிற எல்லாரிடமும் ஒரே பாட்டு: "பெரியவ இன்ஜினியருங்க. மெஷின் கம்பெனில வேலை. அவ பண்ணது." நேற்று ஒருவர், "சரி, இது என்ன பண்ணும்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். "சின்னவ எழுதி ஒட்டுவா" என்று சொல்லிவிட்டார்.

எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் ஓடவில்லை, அக்கா. கையுறையின் மேலே ஒரு குழாய் இருக்கிறது; அது எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவுமில்லை. ஒரு அழுத்தமானி இருக்கிறது; அதன் முள்ளை எது தள்ளும்? மூன்று பித்தளைப் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். முதல் சக்கரம் வலப்பக்கம் சுற்றினால் இரண்டாவது இடப்பக்கம் சுற்றும். மூன்றாவது இரண்டையும் தொடுகிறது. ஒன்று அதை இந்தப் பக்கம் தள்ளுகிறது, மற்றது அந்தப் பக்கம். அப்படியென்றால் மூன்றுமே அசையாதே?

எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது. விளக்கமாக எழுது.

உன் எலி

*

ஜூன் 20

என் புத்தக எலிக்கு,

பிறந்தநாள் பரிசைப் போட்டு அழகு பார்க்காமல் அம்புக்குறி போட்ட ஒரே ஆள் நீதான்.

இதை ஸ்டீம்பங்க் என்பார்கள். நீராவி இயந்திரக் காலம் முடியாமலே போயிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்ற கற்பனை. படத்தில், விளையாட்டில், படக்கதையில் எல்லாம் வருகிறது. அதில் எல்லாவற்றுக்கும் ஒரு வேலை உண்டு. சிலவற்றின் வேலை வெளியே தெரியாது, அவ்வளவுதான். அட்டையில் "நீராவிக் கை" என்று எழுதி ஒட்டு, போதும்.

அப்பா கேட்டால், சுற்றுவதற்கு ஒரு சாவி உண்டு, பிறகு அனுப்புகிறேன் என்று சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பதை விட்டாயா?

அன்புடன்
அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சாவி வரும் என்று அப்பாவிடம் சொன்னேன். அதிலிருந்து தபால்காரர் மணி அடித்தாலே, "சாவி வந்துச்சா?" என்று கேட்கிறார். சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டவர், அதே டப்பாவோடு உன் கையுறையிடம் போனார். அம்மா சொன்னாள்: "எண்ணெய் விட்டா எல்லாம் ஓடும்னா என் முட்டிக்கும் ரெண்டு சொட்டு விடுங்களேன்."

அப்பா எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்தார். பித்தளை துணியோடு வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக, பார்சலில் அடைத்து வருமே, அந்த ஸ்பாஞ்சு மாதிரி இருந்தது.

"பித்தளை சாயம் போகுமா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்லட்டும்? தானே கெடுத்துவிட்டதாக நினைத்து முகம் வாடிப்போனார். அப்புறம் கையுறையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "தையல் நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாவியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நூலகத்தில் தேடிப் பார்த்தேன். நீராவி வேண்டுமென்றால் நெருப்பு, தண்ணீர், கொதிகலன் எல்லாம் வேண்டும். அதைக் கையில் கட்டினால் கை வெந்துபோகும். ஸ்டீம்பங்க் படங்களில் எல்லாரும் பெரிய கண்ணாடியைத் தொப்பியின் மேல் மாட்டியிருக்கிறார்கள், ஒருவரும் கண்ணில் மாட்டவில்லை. ஒரு பெண்ணின் இயந்திரக் காலில், முழங்காலுக்குப் பக்கத்தில் புகைபோக்கி. அவள் பாவாடை பற்றிக்கொள்ளாதா? இதையெல்லாம் வரைகிறவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் வரைகிறார்களா?

நீயும் தெரிந்துதான் செய்தாய். அக்கா, கோபித்துக்கொள்ளாதே. நீ வேலை பார்ப்பது மெஷின் கம்பெனி இல்லை, அப்படித்தானே?

எலி

*

ஜூலை 17

எலியே,

அப்படித்தான்.

படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டேன். இப்போது சினிமாவில் கலைப் பிரிவில் இருக்கிறேன். ஸ்பாஞ்சை வெட்டிச் சக்கரமாக்குவேன், பெயின்ட் அடித்துப் பித்தளையாக்குவேன். உனக்கு அனுப்பியது ஒரு படத்தில் கதாநாயகன் போடும் கையுறைக்கு முதலில் செய்து பார்த்த மாதிரி.

அந்தச் சக்கரங்கள் சுற்றாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். கையுறை இல்லாமல் அந்த நடிகர் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நடந்தார். மாட்டியதும் தோள் ஒரு பக்கம் இறங்கியது, கையைத் தூக்கவே சிரமப்படுகிறவர் மாதிரி ஆகிவிட்டார். எடை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை! அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இரும்பு என்றே நம்பினார்கள். அது ஒரு வேலை இல்லையா? நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

அந்தப் படத்துக்கு மூன்று டிக்கெட் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படம் முடிந்ததும் பெயர்கள் ஓடும், கலைப் பிரிவில் என் பெயரும் வரும். நம் அப்பாதான் கூட்டத்தில் மாட்டக்கூடாது என்று படம் முடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாரே. அவரை எழ விடுவதா, பிடித்து உட்கார வைப்பதா, அது உன் பாடு. எனக்கு நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

பெயரைப் பார்த்த பிறகு அவர் என்னை வீட்டுக்கு வராதே என்று சொன்னாலும், அதையும் நடந்தபடியே எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 2, தியேட்டரில்

அன்புள்ள அக்காவுக்கு,

பென்சிலால் எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே. இன்னும் படம் போடவில்லை. எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா.

முதலில் என் சண்டை. மலை மாதிரி பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, "உன் பாடு" என்று எழுதிவிட்டாய். ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று அப்பா ஒரு கோட்டுக் கையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். வரிசையாக நான்கு. எதற்கும் எதிரே மாட்டுவதற்குத் துளை இல்லை. எனக்குச் சட்டென்று உன் குழாய் நினைவுக்கு வந்தது.

"இது எதைப் பூட்டும்பா?"

"எதையும் பூட்டாது."

"அப்ப எதுக்கு?"

"இது இல்லாம போட்டுப் பாரு. கோட்டு மொட்டையா நிக்கும்."

"அப்ப இது பொய் பட்டனா?"

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பட்டன் எங்க பொய் சொல்லுது? தச்சவன் வாயத் தொறந்து, இது பூட்டும்னு சொல்லி வித்தான்னா, அதுதான் பொய்."

அவர் உன் பக்கம் பேசினாரா, உனக்கு எதிராகப் பேசினாரா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை.

இன்று தியேட்டர் வாசலில் பெரிய படம் ஒட்டியிருந்தது. கதாநாயகன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா, "நம்ம கடைல இருக்கறது மாதிரியே இருக்கே!" என்றாள். அப்பா, "மாதிரி இல்ல, அதேதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

உட்கார்ந்ததும் அவராகவே சொன்னார், "இன்னிக்குக் கடைசி வரைக்கும் இருக்கணும். பேரெல்லாம் போடுவாங்கல்ல?"

அக்கா, உன் ரகசியத்தை நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"முடியுற எடத்துல ரெண்டு தடவ பின்னால போய்த் திரும்பி வந்திருக்கு அந்தக் கையுறைத் தையல். அவளுக்கு நான் சொல்லிக்குடுத்தது எனக்குத் தெரியாதா? எந்த மெஷின் கம்பெனில உக்கார வெச்சுக் கையுறை தைக்கச் சொல்றாங்க?"

"கோவமாப்பா?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தெரிந்தவள் மாதிரியும் இருக்கிறாள், தெரியாதவள் மாதிரியும் இருக்கிறாள். எனக்குத்தான் தலை சுற்றுகிறது. உன் சக்கரத்தைத் தவிர எல்லாமே சுற்றுகிறது.

இப்போது அப்பா என் தாளை எட்டிப் பார்த்தார்.

"அவளுக்குத்தானே எழுதுற?"

"ஆமா."

"இனிமே சாவி கீவி அனுப்ப வேணாம்னு எழுது."

எழுதிவிட்டேன். இது கோபமா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. குரலை வைத்தும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடியும் குனிந்தார்.

"கட்ட விரல்கிட்ட தையல் இழுக்குது. அவ வர்றப்போ பிரிச்சுத் தச்சுக்கலாம். அதையும் எழுது."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். "வர்றப்போ" என்றுதான் சொன்னார், அக்கா. "வந்தா" என்று சொல்லவில்லை. நான் நன்றாகக் கேட்டேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.